திண்ணையில் பசித்திருந்தவர்: அபூஹுரைரா (ரலி)

 

ஜும்ஆ மேடையில் நீங்கள் அதிகம் கேட்ட ஸஹாபியின் பெயர் எது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் அது அபூஹுரைரா (ரலி) அவர்களுடைய பெயராகத்தான் இருக்கும். தொழுகை, நோன்பு, அண்டை வீட்டாரின் உரிமை என்று எதைப் பற்றிப் பேசினாலும் அந்தப் பெயர் வந்துவிடும். திரும்பத் திரும்ப வருபவற்றையும் சேர்த்து அவர்கள் வழியாக வந்த அறிவிப்புகள் 5374 என்று ஹதீஸ் கலை அறிஞர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். வேறு எந்த ஸஹாபியும் அந்த எண்ணிக்கையை எட்டவில்லை.

ஆனால் அவர்கள் நபி (ஸல்) அவர்களோடு இருந்தது ஏறத்தாழ நான்கு ஆண்டுகள்தான். மக்காவின் ஆரம்ப நாட்களிலிருந்தே கூட இருந்தவர்கள் பலர் இருக்க, பின்னால் வந்த ஒருவரால் இவ்வளவு எப்படி முடிந்தது? நபியவர்களின் துஆ ஒரு காரணம். அந்தத் துஆவுக்காகப் போர்வையை விரித்துப் பிடித்த நிகழ்ச்சியை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதைத் தவிர இன்னொரு காரணமும் இருக்கிறது. அதை நாம் அதிகம் பேசுவதில்லை. அந்த நான்கு ஆண்டுகளும் அவர்களுக்குச் சோறு போட்டது யார்?

அபூஹுரைரா (ரலி) அவர்கள் யமன் பகுதியின் தவ்ஸ் குலத்தைச் சேர்ந்தவர்கள். அநாதையாக வளர்ந்தவர்கள். அவர்களுடைய இயற்பெயர் பற்றிப் பல கருத்துகள் உண்டு. அப்துர் ரஹ்மான் என்பதே பிரபலமானது. வீட்டு ஆடுகளை மேய்க்கும்போது ஒரு பூனைக்குட்டியை வைத்து விளையாடிக்கொண்டிருப்பார்கள். இரவானால் அதை ஒரு மரத்தில் வைத்துவிட்டு, பகலில் மறுபடியும் கூட அழைத்துக்கொண்டு போவார்கள். பூனைக்குட்டிக்காரர் என்று வந்த செல்லப் பெயர்தான் பிறகு உலகம் முழுவதும் நிலைத்துவிட்டது.

துஃபைல் இப்னு அம்ர் (ரலி) அவர்களின் அழைப்பால் தவ்ஸ் குலத்தில் இஸ்லாம் பரவியது. ஹிஜ்ரி 7-ல், கைபர் போர் நடந்த சமயத்தில், அபூஹுரைரா (ரலி) அவர்கள் மதீனாவுக்கு வந்தார்கள். அந்த நெடும்பயணத்தில் அவர்களிடம் இருந்த பெரிய சொத்து ஒரே ஓர் அடிமை. வழியில் அந்த அடிமையும் பிரிந்து காணாமல் போய்விட்டார். நபியவர்களிடம் பைஅத் செய்துவிட்டு அமர்ந்திருக்கும்போது, அதே அடிமை தூரத்தில் வந்துகொண்டிருக்கிறார். உம்முடைய அடிமை இதோ வந்துவிட்டார் என்று நபி (ஸல்) அவர்கள் சுட்டிக்காட்டினார்கள். நாமாக இருந்தால் போன பொருள் கிடைத்துவிட்டது என்று மகிழ்ந்திருப்போம். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அந்த இடத்திலேயே அல்லாஹ்வுக்காக அவரை விடுதலை செய்துவிட்டார்கள். ஊருக்குள் வந்த முதல் நாளிலேயே கையில் இருந்ததும் போய்விட்டது. தங்க வீடு இல்லை, உழ நிலம் இல்லை, கடை போட முதல் இல்லை. போய்ச் சேர்ந்த இடம் மஸ்ஜிதின் திண்ணை.

சுஃப்பா என்ற சொல்லை நாம் திண்ணை என்று தமிழில் சொல்கிறோம். மதீனாவுக்கு வந்த ஆரம்பத்தில் முஸ்லிம்கள் பைத்துல் முகத்தஸை நோக்கித் தொழுதார்கள். அப்போது மஸ்ஜிதின் வடக்குச் சுவர்தான் முன்பக்கம். ஹிஜ்ரி 2-ல் கிப்லா கஃபாவின் பக்கம் மாறியபோது அந்த வடபுறம் பின்பக்கமாகிவிட்டது. அந்த இடத்துக்குப் பேரீச்ச ஓலையால் ஒரு கூரை போட்டு, போக்கிடமில்லாத ஏழைகள் தங்குவதற்கு விட்டார்கள். குடும்பம், சொத்து, அண்டிப் பிழைக்க உறவு என்று எதுவுமே இல்லாதவர்கள் அங்கே தங்கினார்கள். இஸ்லாத்தின் விருந்தாளிகள் என்று அவர்களுக்குப் பெயர்.

எப்படிப்பட்ட ஏழைகள்? எழுபது பேரைத் தாம் பார்த்ததாகவும், அவர்களில் ஒருவருக்குக்கூட மேலாடை இல்லை என்றும் அபூஹுரைரா (ரலி) அவர்களே சொல்லியிருக்கிறார்கள். ஒரே ஒரு துணியைக் கழுத்தில் முடிந்துகொள்வார்கள். சிலருக்கு அது பாதிக் கெண்டைக்காலைத் தொடும், சிலருக்குக் கணுக்கால் வரை வரும். மானம் தெரிந்துவிடக் கூடாதே என்று ஒரு கையால் துணியைப் பிடித்துக்கொண்டேதான் இருப்பார்கள்.

இந்தத் திண்ணைக்கு அரசாங்கக் கஜானா எதுவும் அப்போது கிடையாது. நிலையான வக்ஃப் வருமானமும் இல்லை. ஊர்தான் அதை நடத்தியது. எப்படி நடத்தியது என்பதைக் கவனியுங்கள். நம்முடைய பைத்துல்மால் நிர்வாகிகள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

அன்ஸாரிகள் பேரீச்சந் தோட்டக்காரர்கள். அவரவர் விளைச்சலுக்குத் தகுந்தபடி ஒரு குலையோ இரண்டு குலையோ கொண்டுவந்து மஸ்ஜிதில் கட்டித் தொங்கவிடுவார்கள். திண்ணையில் இருப்பவருக்குப் பசித்தால் எழுந்து போய்க் கைத்தடியால் தட்டுவார். காயும் பழமுமாக உதிரும். எடுத்துச் சாப்பிடுவார். யாரிடமும் போய்ப் பசிக்கிறது என்று சொல்ல வேண்டியதில்லை, வரிசையில் நிற்க வேண்டியதில்லை. கொடுத்தவர் தோட்டத்தில் இருப்பார், உண்பவர் மஸ்ஜிதில் இருப்பார். இருவரும் முகம் பார்த்துக்கொள்ள வேண்டிய தேவையே வரவில்லை.

தோட்டம் இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்? குர்ஆன் ஓதுபவர்கள் என்று பெயர் பெற்ற எழுபது அன்ஸாரித் தோழர்கள் இருந்தார்கள். இரவில் குர்ஆனை ஓதுவார்கள், கற்றுக்கொள்வார்கள். பகலில் தண்ணீர் சுமந்து வந்து மஸ்ஜிதில் வைப்பார்கள். விறகு பொறுக்கி விற்று, அந்தக் காசில் திண்ணைவாசிகளுக்கு உணவு வாங்குவார்கள். இவர்கள் ஹிஜ்ரி 4-ல் பிஃரு மஊனா என்ற இடத்தில் வஞ்சகமாகக் கொல்லப்பட்டார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் மதீனாவுக்கு வந்ததோ அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து. அந்த எழுபது பேரை அவர்கள் பார்த்ததே இல்லை. ஆனாலும் அவர்கள் விறகு விற்றுத் தாங்கிப் பிடித்த திண்ணை அப்போதும் நின்றுகொண்டிருந்தது.

இரவு உணவுக்கு வேறொரு ஏற்பாடு. இருவருக்குச் சோறு இருக்கும் வீடு மூன்றாவதாக ஒருவரை அழைத்துப் போக வேண்டும், நால்வருக்கு இருந்தால் ஐந்தாவது ஆறாவது ஆளை அழைத்துப் போக வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியிருந்தார்கள். பணக்காரர்கள் மட்டும் வாருங்கள் என்று சொல்லவில்லை. எந்த வீட்டுக்கும் அதன் அளவுக்கு ஒரு பங்கு. ஒருநாள் அபூபக்ர் (ரலி) அவர்கள் மூன்று பேரை அழைத்துப் போனார்கள். நபியவர்கள் பத்துப் பேரை அழைத்துப் போனார்கள். ஸஃது இப்னு உபாதா (ரலி) அவர்கள் ஓர் இரவில் எண்பது பேர் வரை அழைத்துச் சென்று உணவளித்ததாகவும் ஓர் அறிவிப்பு உண்டு.

அபூபக்ர் (ரலி) அவர்களுடைய வீட்டில் அன்று நடந்தது சுவையானது. விருந்தாளிகளை வீட்டில் விட்டுவிட்டு அவர்கள் நபியவர்களிடம் போய்விட்டார்கள். திரும்பி வர நேரமாகிவிட்டது. வந்து பார்த்தால், வீட்டுக்காரர் வராமல் சாப்பிட மாட்டோம் என்று விருந்தாளிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். அபூபக்ர் (ரலி) அவர்களுக்குக் கோபம். மகனைத் திட்டுகிறார்கள், நான் சாப்பிடவே மாட்டேன் என்று சத்தியம் செய்கிறார்கள். பிறகு சமாதானமாகி உட்கார்ந்து எல்லோரும் உண்டபோது, ஒரு கவளம் எடுத்தால் அதன் அடியிலிருந்து அதைவிட அதிகமாக உணவு பெருகியது. விடிந்ததும் மிச்சத்தை நபியவர்களிடம் கொண்டுபோக, ஒரு பெரும் கூட்டமே சாப்பிட்டது. தினமும் விருந்தாளிகளை வைத்துச் சமாளிக்கும் வீட்டில் சிறு சச்சரவு வருவது இயற்கைதான். பரக்கத் அந்தச் சச்சரவு நடந்த வீட்டில்தான் இறங்கியது.

இந்த இடத்தில் நபியவர்களின் சொந்த மகள் ஃபாத்திமா (ரலி) அவர்களையும் சொல்லியாக வேண்டும். திருகை அரைத்து அரைத்து அவர்களுடைய கை காய்த்துப் போயிருந்தது. போர்க் கைதிகள் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, வீட்டு வேலைக்கு ஓர் ஆள் வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். திண்ணைவாசிகள் பசியால் வயிறு ஒட்டிக் கிடக்க, உங்களுக்குக் கொடுக்க முடியாது, அந்தக் கைதிகள் மூலம் கிடைக்கும் தொகையை அவர்களுக்கே செலவிடப் போகிறேன் என்று நபி (ஸல்) அவர்கள் மறுத்துவிட்டார்கள். மகளுக்குத் தஸ்பீஹைக் கற்றுக்கொடுத்து அனுப்பினார்கள். தொழுகைக்குப் பின்னும் தூங்கும் முன்னும் நாம் ஓதும் அந்தத் தஸ்பீஹுக்குப் பின்னால் ஏழைகளின் பசியும் இருக்கிறது.

எல்லோருமே நல்லதையே கொண்டுவந்தார்கள் என்று சொல்லி முடித்துவிடலாம். உண்மை அப்படி இல்லை. சிலர் சூம்பிப்போன, சதைப்பற்றில்லாத பேரீச்சைகளையும் உடைந்த குலைகளையும் கொண்டுவந்து தொங்கவிட்டார்கள். தர்மத்துக்குத்தானே, ஏழை சாப்பிடத்தானே என்ற நினைப்பு. இதைக் கண்டித்துத்தான் ஸூரத்துல் பகராவின் 267-வது வசனம் இறங்கியது. நாம் கண்ணை மூடிக்கொண்டாலொழிய வாங்க மாட்டாத பொருளை அல்லாஹ்வின் பெயரால் கொடுக்கக் கூடாது என்று அந்த வசனம் தடுக்கிறது. அதன் பிறகு மக்கள் தங்களிடம் இருந்ததில் நல்லதைக் கொண்டுவந்தார்கள்.

இதோடு அபூஹுரைரா (ரலி) அவர்கள் சொன்ன ஒரு செய்தியைச் சேர்த்துப் பாருங்கள். ஒருமுறை நபியவர்கள் தோழர்களுக்கு ஆளுக்கு ஏழு பேரீச்சை கொடுத்தார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்களுக்குக் கிடைத்த ஏழில் ஒன்று சூம்பல். அவர்களுக்கு மிகவும் பிடித்தது அந்தச் சூம்பல்தானாம். மெல்ல மெல்லத் தீராமல் வாயில் நெடுநேரம் இருந்ததாம்! வாங்குகிறவர் குறை சொல்ல மாட்டார், சகோதரர்களே. பசி அவரைச் சொல்ல விடாது. பழைய துணி மூட்டையைக் கட்டி அனுப்புகிறோமே, அதை வாங்குகிறவர் முகத்தில் சிரிப்பைப் பார்த்துவிட்டுத் திருப்தி அடைந்துவிட முடியாது. குலை தொங்கவிட்டவர்களைப் பற்றித் திண்ணையிலிருந்து ஒரு புகாரும் வந்ததாக நாம் படிக்கவில்லை. கண்டனம் வானத்திலிருந்து வந்தது.

அபூஹுரைரா (ரலி) அவர்கள் கை நீட்டிக் கேட்பவர்களாக இல்லை. பசி தாங்காதபோது வயிற்றில் கல்லைக் கட்டிக்கொள்வார்கள். தோழர்கள் வரும் வழியில் உட்கார்ந்து, தனக்கு நன்றாகத் தெரிந்த வசனத்தையே ஒருவரிடம் விளக்கம் கேட்பார்கள். பேசிக்கொண்டே வீடு வரை போனால் சாப்பிட அழைப்பார் என்று ஒரு நம்பிக்கை. ஒருநாள் அபூபக்ர் (ரலி) வந்தார்கள், விளக்கம் சொல்லிவிட்டுப் போனார்கள். உமர் (ரலி) வந்தார்கள், அவர்களும் அப்படியே. அவர்கள்மீது குறை சொல்ல முடியாது. கேள்வி வசனத்தைப் பற்றியது, பதில் சொன்னார்கள். பிறகு நபி (ஸல்) அவர்கள் வந்தார்கள். முகத்தைப் பார்த்தார்கள். புரிந்துகொண்டு புன்னகைத்தார்கள். பின்னால் வரச் சொன்னார்கள்.

வீட்டில் ஒரு கிண்ணம் பால் இருந்தது. எங்கிருந்து வந்தது என்று விசாரித்தார்கள். இன்னார் அன்பளிப்பாகக் கொடுத்தது என்று வீட்டார் சொன்னார்கள். அந்த இன்னார் ஓர் ஆணா பெண்ணா என்பதுகூட அறிவிப்பில் உறுதியாகப் பதிவாகவில்லை. திண்ணையில் இருப்பவர்கள் எல்லோரையும் கூப்பிடும்படி நபியவர்கள் சொன்னதும் அபூஹுரைரா (ரலி) அவர்களுக்கு மனம் கனத்துவிட்டது. இந்தப் பால் அத்தனை பேருக்கு எந்த மூலைக்கு? அதுவும் பரிமாறுகிறவர் நானாயிற்றே, எனக்கு என்ன மிஞ்சும்? மறைக்காமல் பின்னாளில் அவர்களே இதைச் சொல்லிக்காட்டியிருக்கிறார்கள். என்றாலும் போய் அழைத்து வந்தார்கள். ஒவ்வொருவரும் வயிறு நிறையக் குடித்துவிட்டுக் கிண்ணத்தைத் திருப்பித் தந்தார்கள். கடைசியில் இருவர் மிஞ்சினார்கள். குடியும் குடியும் என்று நபியவர்கள் சொல்லச் சொல்ல, இனி இறங்க இடமில்லை என்னும் வரை அபூஹுரைரா (ரலி) அவர்கள் குடித்தார்கள். மிச்சத்தை அல்லாஹ்வைப் புகழ்ந்து, பிஸ்மில்லாஹ் சொல்லி நபியவர்கள் அருந்தினார்கள். பால் கொடுத்த அந்தப் பெயர் தெரியாத மனிதரை நினைத்துப் பாருங்கள். ஒரு வீட்டுக்கு என்று அனுப்பிய ஒரு கிண்ணம். அது எங்கே போய்ச் சேர்ந்தது என்று அவருக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ!

கேட்காமலே புரிந்துகொண்ட இன்னொருவர் ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்கள். அவர்கள் அபிசீனியாவிலிருந்து திரும்பியதும் அதே கைபர் சமயத்தில்தான். ஏழைகளின் தந்தை என்று அவர்களுக்குப் பெயர். திண்ணையில் இருப்பவர்களை வீட்டுக்கு அழைத்துப் போய் இருப்பதைக் கொடுப்பார்கள். சில நாள் வீட்டிலும் ஒன்றும் இருக்காது. நெய் வைத்திருந்த காலித் தோல்பையை எடுத்து வந்து வைப்பார்கள். அதைக் கிழித்து உள்ளே ஒட்டியிருப்பதை நக்கிச் சாப்பிடுவார்கள். ஜஅஃபர் (ரலி) அவர்கள் அடுத்த ஆண்டே, ஹிஜ்ரி 8-ல், மூத்தா போரில் ஷஹீதானார்கள். ஓராண்டுக்கால உபசரிப்பு அவ்வளவுதான். ஏழைகளுக்கு மனிதர்களிலேயே மிகச் சிறந்தவர் ஜஅஃபர்தான் என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இவ்வளவு பசித்த மனிதரை நபி (ஸல்) அவர்கள் எந்தப் பொறுப்பில் வைத்தார்கள் தெரியுமா? ரமளான் ஜகாத்தாகச் சேர்ந்த உணவுப் பொருட்களுக்குக் காவலாக! இரவில் ஒருவன் வந்து அள்ளுகிறான். பிடித்துவிட்டார்கள். பிள்ளைகுட்டிக்காரன், ரொம்பக் கஷ்டம் என்று கெஞ்சுகிறான். பசியை அறிந்தவர் ஆயிற்றே, விட்டுவிட்டார்கள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் பிடித்தபோது அவன் ஆயத்துல் குர்ஸீயின் சிறப்பைச் சொல்லித் தப்பித்தான். சொன்னது உண்மை, சொன்னவன் பொய்யன், அவன் ஷைத்தான் என்று நபியவர்கள் விளக்கினார்கள். ஆயத்துல் குர்ஸீயின் சிறப்புக்காக இந்த நிகழ்ச்சியை நாம் அடிக்கடிச் சொல்கிறோம். அதில் வேறொன்றும் இருக்கிறது. ஒவ்வொரு நாள் காலையிலும் நபியவர்கள் நேற்றிரவு என்ன ஆயிற்று என்று காவலரிடம் கேட்டார்கள். ஊர் நம்பிக் கொடுத்த தானியம் அது. அதற்குக் காவலும் உண்டு, கணக்கும் உண்டு.

இப்போது ஆரம்பத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். இவ்வளவு ஹதீஸ்களை எப்படி அறிவிக்கிறார் என்று அவர்கள் காலத்திலேயே சிலர் கேட்டார்கள். அவர்களுடைய விளக்கம் எளிமையானது. முஹாஜிர்களுக்குச் சந்தையில் வியாபாரம் இருந்தது, அன்ஸாரிகளுக்குத் தோட்டங்களில் வேலை இருந்தது, தனக்கோ வயிறு நிறைந்தால் போதும் என்று நபியவர்களை விட்டு நகராமல் இருந்ததாகச் சொன்னார்கள். அந்த வயிற்றைத் தோட்டக்காரர்களும் வியாபாரிகளும் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் வர முடியாத நேரத்தில் இவர் அங்கே இருந்தார், அவர்கள் கேட்க முடியாததை இவர் கேட்டார். எண்ணூறுக்கும் மேற்பட்டோர் இவரிடமிருந்து ஹதீஸைக் கற்றார்கள் என்று இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் கூறியிருக்கிறார்கள். பேரீச்சங் குலையைத் தொங்கவிட்டுப் போன அந்த அன்ஸாரியின் பெயர் எந்த நூலிலும் இல்லை. இந்த வாரம் உங்கள் இமாம் அபூஹுரைரா (ரலி) அவர்களின் ஹதீஸைச் சொல்லும்போது அந்தக் குலைக்கும் அதில் பங்கு உண்டு.

பிற்காலத்தில் காட்சி மாறியது. உமர் (ரலி) அவர்கள் அபூஹுரைராவை பஹ்ரைனுக்கு ஆளுநராக்கினார்கள். திரும்பி வந்தபோது கையில் பத்தாயிரம் இருந்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. உமர் (ரலி) அவர்கள் கடுமையாக விசாரித்தார்கள். குதிரைகள் ஈன்று பெருகியவை, சேர்ந்துவந்த மானியங்கள், அடிமையின் சம்பாத்தியம் என்று அபூஹுரைரா (ரலி) அவர்கள் கணக்குச் சொன்னார்கள். விசாரித்துப் பார்த்ததில் சொன்னபடியே இருந்தது. மீண்டும் அந்தப் பதவிக்கு உமர் (ரலி) அவர்கள் அழைத்தபோது, வேண்டாம் என்று மறுத்துவிட்டார்கள். ஒரு காலத்தில் வயிற்றுச் சோற்றுக்கும், முறை வைத்து ஒட்டகத்தில் ஏறுவதற்குமாகக் கூலி வேலை பார்த்தது கஸ்வானின் மகளிடம். பிற்காலத்தில் அதே பெண்மணி அவர்களுக்கு மனைவியானார்கள். வீட்டில் இரவை மூன்றாகப் பிரித்து அவர்களும் மனைவியும் பணியாளரும் ஒருவர் மாற்றி ஒருவர் எழுந்து தொழுவார்கள்.

மதீனாவின் பொறுப்பு ஆளுநராக இருந்தபோதும் முதுகில் விறகுக் கட்டோடு கடைத்தெருவில் வருவார்கள்; அமீருக்கு வழி விடுங்கள் என்று தாங்களே சொல்லிக்கொண்டு வருவார்கள். ஒருமுறை சிலர் பொரித்த ஆட்டை வைத்துச் சாப்பிட அழைத்தார்கள். நபி (ஸல்) அவர்கள் வாற்கோதுமை ரொட்டியைக்கூட வயிறு நிறைய உண்ணாமல் உலகைப் பிரிந்ததை நினைத்து, சாப்பிடாமல் போய்விட்டார்கள்.

சாயமிட்ட இரண்டு உயர்ந்த லினன் துணிகளை அணிந்திருந்த ஒரு நாள், அதில் மூக்கைச் சிந்திவிட்டுத் தன்னைத் தானே கேலி செய்துகொண்டார்கள். பிறகு பழைய நாள் ஒன்றை நினைவுகூர்ந்தார்கள். மிம்பருக்கும் ஆயிஷா (ரலி) அவர்களின் அறைக்கும் நடுவே மயங்கி விழுந்து கிடப்பார்களாம். வருகிறவர்கள் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்துக் கழுத்தில் காலை வைப்பார்களாம். பைத்தியம் ஒன்றும் இல்லை, வெறும் பசிதான்.

ஹிஜ்ரி 57, 58, 59 என்று மூன்று விதமாகக் குறிப்பிடப்படும் ஓர் ஆண்டில், 78 வயதில் அவர்கள் மறைந்தார்கள். மரண நோயில் அழுதார்கள். இந்த உலகத்தை விட்டுப் போகிறோமே என்பதற்காக அல்ல. பயணம் நீண்டது, கட்டுச்சோறு குறைவு, சொர்க்கத்துக்கோ நரகத்துக்கோ எங்கே கொண்டுபோகப்படுவோம் என்று தெரியவில்லையே என்றுதான் அழுதார்கள். ஊருக்கு வெளியே அகீக் என்ற இடத்தில் உயிர் பிரிந்தது. மக்கள் ஜனாஸாவைத் தோளில் சுமந்து மதீனாவுக்குக் கொண்டுவந்து, பகீஉ மையவாடியில் அடக்கம் செய்தார்கள்.